கோப்பிக் காலத்துக் கடனும் இக்காலத்து மடங்கு நிதியங்களும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் இன்று நாம் காண்பது தேயிலை. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகளை மூடி நின்றது தேயிலையன்று, கோப்பி. அந்தக் கோப்பி அழிந்த வரலாற்றை நம் பாடநூல்கள் ஒரே வாக்கியத்திற் கூறி முடித்துவிடுகின்றன: இலைநோய் வந்தது, கோப்பி மாண்டது. நோய் வந்தது மெய்யே. ஆயினும் கோப்பித் தோட்டக்காரரை வீழ்த்தியது நோய் மட்டுமன்று. அந்நோயைத் தாங்கி நிற்கும் வலுவை முன்னரே தின்றுவிட்டிருந்த கடனுமாகும். அக்கடனைப் பற்றியதே இன்றைய உரை.

இப்பழங்கதையை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. தோட்டத்து லயத்திற் பிறந்து, என்னிடம் பயின்று, இன்று வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் மாணவர் ஒருவர் விடுமுறையில் என்னைக் காண வந்தார். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அவ்வம்மையாருக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அமெரிக்கப் பங்குச்சந்தையிலுள்ள ஒரு நிதியத்தில் இட மகன் எண்ணியிருந்தார். "சேர், சந்தை ஒரு பங்கு ஏறினால் இது மூன்று பங்கு ஏறும். இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு வீடு கட்டிவிடலாம்" என்றார். நான் வரலாறு படித்தவன். பங்குச்சந்தை நிபுணன் அல்லன். எனவே எனக்குத் தெரிந்த வழியில், நம் ஊவா மலைகளின் கதையைக் கொண்டே விடையிறுத்தேன்.

1840ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் மலைநாட்டுக் காடுகளை முடிக்குரிய காணிகளாக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலைக்கு அவை விற்கப்பட்டன. அரசாங்க உத்தியோகத்தரும், படைத் தலைவரும், மத குருமாருங்கூடக் கோப்பிக் காணி வாங்க முந்தினர். காணி மலிவு, ஆயினும் காட்டை வெட்டவும், கன்று நடவும், தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை வரவழைக்கவும் பெரும் பணம் வேண்டியிருந்தது. கன்று காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவரையிற் செலவுக்குப் பணம் தந்தவர்கள் கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனிகளும் வங்கிகளுமாவர். தோட்டமும் வரப்போகும் விளைச்சலுமே அக்கடனுக்கு ஈடாயின.

கடன் ஆதாயத்தைப் பெருக்குவது எங்ஙனம் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். 10,000 ரூபாய்த் தோட்டமொன்றை ஒருவர் 2,500 ரூபாய் கைம்முதலும் 7,500 ரூபாய் கடனுமாக வாங்குகிறார் எனக் கொள்வோம். தோட்டத்தின் விலை நாலிலொரு பங்கு ஏறினால் அவருடைய கைம்முதல் இரட்டிப்பாகிறது. நாலிலொரு பங்கு இறங்கினாலோ கைம்முதல் முழுவதும் கரைந்துபோகிறது. தோட்டம் அப்படியே இருக்கிறது, மரங்கள் காய்க்கின்றன, ஆனால் அது அவருடையதன்று. ஆதாயத்தை நான்கு மடங்காக்கிய கடன் நட்டத்தையும் நான்கு மடங்காக்கிவிடுகிறது.

முதலாவது அடி 1847ஆம் ஆண்டளவில் விழுந்தது. இங்கிலாந்தில் வணிக நெருக்கடி தோன்றியது. கோப்பி விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பல அற்ப விலைக்குக் கைமாறின. ஆனால் சில ஆண்டுகளில் விலை மீண்டதும் அந்தப் பாடம் மறக்கப்பட்டது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. நோயுற்ற இலைகள் பேராதனைப் பூங்காவின் தலைவரான துவைற்ஸ் என்பாருக்கு அனுப்பப்பட, அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்னும் அறிஞர் அப்பூஞ்சணத்திற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். துரைமாரோ அதனை "நாசகார எமிலி" என்று கேலி பேசினர். கேலி பேசக் காரணமிருந்தது. 1870களிற் கோப்பியின் விலை வெகுவாக ஏறியது. ஏக்கருக்குரிய விளைச்சல் ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருக்க, ஏறிய விலையும் புதிதாகத் திறந்த காணிகளும் அக்குறையை மறைத்துவிட்டன. வருமானம் குறையாதபோது கடன் கொடுப்போரும் அஞ்சவில்லை, வாங்குவோரும் அஞ்சவில்லை. நோய் பரவிய அதே ஆண்டுகளிலேதான் புதிய காடுகள் கடன் பணத்தால் வெட்டப்பட்டன.

1878இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. கடன் கிடைப்பது அருமையாயிற்று. பிரேசில் நாட்டுக் கோப்பி சந்தையை நிரப்ப விலை சரிந்தது. மறைந்திருந்த குறை அப்போது வெளிப்பட்டது. விளைச்சல் இல்லை, விலையும் இல்லை; வட்டி மட்டும் குறையவில்லை. 1884 மே மாதத்தில், இலங்கையிற் பெருமளவில் நாணயத்தாள் வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. மக்கள் கையிலிருந்த அவ்வங்கித் தாள்கள் வெற்றுக் காகிதமாகாதபடி தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்தார். அவ்வாண்டிற் பிறந்த சட்டத்தின் வழியே அரசாங்கம் தானே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது.

துரைமாரிற் பலர் கப்பலேறி மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். தொழிலாளர் எங்கே செல்வர்? பல தோட்டங்களில் மாதக்கணக்காகக் கூலி கொடுபடவில்லை. அவர்கள் தலையிலும் கடன் இருந்தது. ஊரிலிருந்து புறப்பட்ட நாளிலேயே கங்காணியின் முற்பணம் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அக்கடனின் தொகையைக் குறித்த "துண்டு" இல்லாமல் வேறு தோட்டம் அவர்களை ஏற்பதில்லை. அத்துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விலை ஏறியபோது இலாபத்திற் பங்கு பெறாதவர்கள், விலை இறங்கியபோது நட்டத்தின் பெரும்பங்கைச் சுமந்தார்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஊவா மண் வளமானது என்று நம்பிய தோட்டக்காரரின் நம்பிக்கை பொய்க்கவில்லை. அதே மலைகளில் தேயிலை செழித்தது. 1890இல் இங்கு வந்த தோமஸ் லிப்டன், கோப்பியின் வீழ்ச்சியால் மலிந்து கிடந்த தோட்டங்களைக் கைப்பணம் கொடுத்து வாங்கினார்; அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பத்தென்னவும் அவற்றுள் ஒன்று. முன்னவர்கள் மலையைப் பற்றி எண்ணியது சரியாகவே இருந்தது. ஆனால் அது சரியென நிறுவப்படும் நாள்வரை காத்திருக்கக் கடன் அவர்களை விடவில்லை.

இனி, என் மாணவர் கூறிய நிதியங்களுக்கு வருவோம். பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஓர் எண்ணாகக் காட்டுவது சுட்டெண். அச்சுட்டெண் ஒரு நாளில் அசையும் அளவை இரு மடங்காகவோ மும்மடங்காகவோ தருவதாகச் சொல்வன மடங்கு நிதியங்கள். சந்தை இறங்கினால் ஏறுவன எதிர் நிதியங்கள். அமெரிக்காவில் இவை 2006இல் விற்பனைக்கு வந்தன. மும்மடங்கு நிதியங்கள் 2008இல் வந்தன. கோப்பித் தோட்டக்காரரைப் போல, இதனை வாங்கியவர் இட்ட பணத்திற்கு மேல் எவருக்கும் கடனாளியாவதில்லை. இந்த வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் இவற்றிற்கு வேறொரு நோய் உண்டு. இவற்றின் மடங்கு ஒரு நாளுக்கே உரியது. நாள்தோறும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

சுட்டெண் 100 எனக் கொள்வோம். முதல் நாள் நூற்றுக்குப் பத்து இறங்கி 90 ஆகிறது. மறுநாள் நூற்றுக்கு 11.11 ஏறி மீண்டும் 100 ஆகிறது. இருமடங்கு நிதியமோ முதல் நாள் 80 ஆகி, மறுநாள் நூற்றுக்கு 22.22 ஏறியும் 97.78 அளவிலேயே நிற்கிறது. எதிர் நிதியம் முதல் நாள் 110 ஆகி, மறுநாள் இறங்கி அதே 97.78க்கு வந்து சேர்கிறது. ஏறும் என்றவருக்கும் நட்டம். இறங்கும் என்றவருக்கும் நட்டம். இவ்வாறு பத்து முறை நிகழ்ந்தால் சுட்டெண் 100லேயே இருக்க, இரு நிதியங்களும் ஏறக்குறைய 80க்குத் தேய்ந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கன்று. 2022இல் அமெரிக்காவின் நாஸ்டாக் 100 சுட்டெண் நூற்றுக்கு ஏறக்குறைய 33 வீழ்ந்தது. அதன் மும்மடங்கு நிதியம் நூற்றுக்கு ஏறக்குறைய 79 வீழ்ந்தது. 2023இல் சுட்டெண் நூற்றுக்கு ஏறக்குறைய 54 ஏற, நிதியம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. அவ்வேற்றத்தைக் கண்டுதான் என் மாணவர் மயங்கினார். ஆயின் ஈராண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுட்டெண் தொடங்கிய இடத்தைச் சற்றே தாண்டி நின்றது. நிதியமோ பத்தில் ஆறு பங்களவிலேயே நின்றது. 2018 பெப்ரவரி 5ஆம் திகதி, சந்தை அமைதியாக இருக்கும் என்பதன்மேல் பந்தயம் கட்டிய கிரெடிட் சுவிஸ் வங்கியின் பத்திரமொன்று ஒரே நாளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மதிப்பிழந்து, அம்மாதமே முடித்துவைக்கப்பட்டது. சந்தை பின்னர் அமைதியடைந்தது, பணம் திரும்பவில்லை.

சந்தை இடையறாது ஒரே திசையிற் செல்லும்போது இந்நிதியங்கள் பேராதாயம் தருவதும் உண்மையே. ஒரு நாளைக்கென வாங்கி, நாள் முழுதும் கண் விழித்திருக்கும் வணிகருக்கு அவை ஒரு கருவியாகலாம். ஒரு தாயின் ஆயுட்காலச் சேமிப்புக்கு அவை உகந்தவையல்ல. முடிவிற் சந்தை ஏறுமா என்று மட்டும் கேட்டாற் போதாது. அம்முடிவு வரும்வரை என் பணம் உயிரோடிருக்குமா என்றும் கேட்டல் வேண்டும். மடுல்சீமைத் தோட்டக்காரர் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

மாணவர் அன்று அந்த 97.78 கணக்கைத் தம் கையாலேயே இருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சென்றார். பணம் தாயாரின் பெயரில் பதுளையிலுள்ள வங்கியொன்றில் இருக்கிறதென்றும், வீட்டுக்கு அத்திவாரம் இட்டாயிற்றென்றும் அண்மையில் எழுதியிருந்தார். சுவர் எழுப்பச் சில ஆண்டுகள் செல்லும்.