ஐயாயிரம் அடிக்கு மேல்

சித்திரை பிறக்குங் காலத்தில் நுவரெலியா நகரம் திருவிழாக் கோலம் பூணும். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும். கிரகரி வாவியின் கரையில் மக்கள் திரள்வர், படகேறிக் களிப்பர், பின்னர்த் தத்தம் ஊர் திரும்புவர். அவ்வாவி 1873ஆம் ஆண்டில், தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பெற்றது. அதே ஆண்டில், அதே தேசாதிபதியின் ஆட்சியில், மற்றுமொரு காரியம் நிகழ்ந்தது. வாவியை அறியாதார் இலர். அக்காரியத்தை அறிந்தார் மிகச் சிலரே.

இங்கிலாந்திலே கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கியவர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் என்னும் அறிஞர். இலங்கை மலைநாட்டில் ஐயாயிரம் அடி உயரத்துக்கு மேலுள்ள காடுகளைக் கைதொடாது விடுதல் வேண்டுமென அவர் 1873இல் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். அதற்கிசைய நிருவாக ஆணையொன்றும் பிறந்தது. இன்று மலைநாட்டிற் காண்டற்குரிய அரசாங்க வனங்கள், பூங்காக்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை அவ்வாணையின் நிழலிலே தப்பியவை எனலாம்.

அவ்வாணை ஏன் வேண்டியதாயிற்று என்பதை உணர, அதற்கு முந்திய நாற்பதாண்டுகளை நோக்குதல் வேண்டும். 1830ஆம் ஆண்டுகளில் மலைக்காடு ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விலைபோயிற்று. 1840ஆம் ஆண்டுச் சட்டமோ உறுதிப்பத்திரம் இல்லாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியன என்று கொண்டது. வாங்கியோர் கோப்பி பயிரிட்டனர். காடு வெட்டும் முறையே விந்தையானது. மலையடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டிக்கொண்டு செல்வர். உச்சியிலுள்ள மரங்களை மாத்திரம் முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழேயுள்ளவற்றின் மீது வீழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றைச் சாய்க்க, இடியோசையோடு ஒரு மலைச்சரிவே நிலத்திற் படியும். வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தமாக ஏற்றனர். எரித்த நிலத்திலே குழி வெட்டிக் கன்று நட்டோர், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. எனினும் அடுத்த பத்தாண்டில் அதன் பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்தது. காடோ மீண்டும் எழவில்லை.

அவ்வாணை இடைவெளியற்ற மதிலாய் நின்றதென்று கொள்ளுதல் தவறு. நுவரெலியாவைச் சுற்றி ஆறாயிரம் அடிக்கு மேலும் தேயிலை நிற்கின்றது. ஆயினும் முகடுகளிலே காடு எஞ்சியது. அங்கே மரங்கள் குட்டையாய், முறுக்குண்டு, பாசி போர்த்து நிற்கும். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலைகளிற் படிந்து துளித்துளியாய் நிலத்திற் சொட்டும். தோட்டத்து லயத்தில் வாழ்வோர் குடம் வைக்கும் பீலித் தண்ணீருக்கும் இத்தகைய முகட்டுக் காட்டுக்கும் உறவுண்டு.

எஞ்சியவற்றுள் சிலவற்றைக் காண்போம். நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில் ஹக்கலைப் பூங்கா உள்ளது. இது 1861இல் அழகுக்காக அன்று, மருந்துக்காகவே தோன்றியது. தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சிங்கோனா மரத்தை இங்கே பரீட்சித்தனர். அதன் பட்டையினின்று பெறப்படுவதே மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா. பின்னர் 1884இல் இது பூந்தோட்டமாக மாறியது. இராமாயணத்து அசோகவனம் இப்பகுதியிலேயே இருந்ததென்பது மக்கள் நம்பிக்கை. அருகிலுள்ள சீதாஎலியாவிற் சீதையம்மன் கோயில் உண்டு. பூங்காவைப் பார்ப்போர் அதன் பின்னே எழும் கருமலையையும் அண்ணாந்து பார்த்தல் நன்று. அம்மலைக்காடு 1938இல் கடும் பாதுகாப்புடைய இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. பொழுதுபோக்குக்காக அதனுட் செல்லுதல் இயலாது. கண்ணாற் காண்பதோடு அமையவேண்டும்.

நகரின் நடுவேயுள்ள விக்டோரியாப் பூங்கா, ஒருகால் ஹக்கலையின் ஆராய்ச்சி நிலமாக இருந்தது. 1897இல் விக்டோரியா மகாராணியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவையொட்டி இப்பெயர் பெற்றது. பிள்ளைகள் ஓடி விளையாட வருவோரே இங்கு மிகுதி. ஆனால் தூரதேசங்களிலிருந்து வரும் பறவை ஆர்வலர், தொலைநோக்கியுடன் ஓடைக்கரைப் புதர்களையே நோக்கி நிற்பர். தமிழகத்தார் ஆறுமணிக்குருவி என வழங்கும் வண்ணப்பறவை அங்கே சருகு கிளறும். இமயச் சாரலிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் அங்கே ஒதுங்கும்.

இவையனைத்திலும் பெரிதும் அறியப்படாதது கல்வேஸ் லாண்ட். நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தொலைவில், முப்பது ஹெக்டயருக்கும் குறைந்த பரப்பில் அமைந்த காடு இது. 1938இல் சரணாலயமாக்கப்பட்டு 2006இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. இலங்கையின் தேசிய பூங்காக்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. யானையையும் புலியையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். காலை வேளையிற் பேச்சை அடக்கி மெல்ல நடப்போருக்கோ, மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் இலங்கைக் காட்டுப் புறாவும் காட்சி தரும். காஷ்மீரத்து ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை, பாரததேசம் முழுவதையும் கடந்து குளிர்காலத்தைக் கழிக்க நாடிவரும் இடங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய பறவைகட்குச் சட்டம் 1938இலேயே புகலிடம் அளித்தது. அயலிலே கொழுந்து பறித்த மக்களிற் பெரும்பாலோர் அதற்குப் பத்தாண்டின் பின்னர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையற்றோராயினர். அவர்களில் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. வரலாற்றிலே இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியின் பெயரைக் கேளாதார் குறைவு. 1834இல் ஆங்கிலப் படையினர் இருவர் அதனைக் கண்டு, அக்காலத் தேசாதிபதியின் பெயரைச் சூட்டினர். மகாஎலிய என்பது அதற்கு முன்னரே சிங்கள மக்கள் வழங்கிய பெயர். யானைகள் உலவிய அப்புல்வெளியில் வேட்டையின் விளைவாக இன்று யானையில்லை, மரைகளே மேய்கின்றன. 1960ஆம் ஆண்டுகளில் அங்கே உருளைக்கிழங்கும் பயிரிட்டனர்! நற்பேறாக 1969இல் அது நிறுத்தப்பட்டு, நிலம் இயற்கை ஒதுக்கமாயிற்று. 1988இல் தேசிய பூங்காவாயிற்று. அழிந்ததென்றே பலர் கருதிய மலைத் தேவாங்கின் ஒளிப்படம் 2010இல் வெளிவந்தது இக்காட்டினின்றே. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது. வருவோரெல்லாம் உலகமுடிவுப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். பட்டிப்பொலப் பக்கமாக நுழைவோர், வழியிலேயே உள்ள தொட்டுப்பொலமலை மீது சிறிது நேரம் நடந்து ஏறலாம். நாட்டின் மூன்றாவது உயர்ந்த சிகரம் அது; ஆயினும் கூட்டமிராது.

ஹட்டன், மஸ்கெலியாப் பகுதி மக்களுக்கோ தம்முடைய காடு புதிதன்று. மார்கழி முதல் வைகாசி வரை, பிள்ளைகுட்டிகளோடு நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுவோர் எத்தனை ஆயிரவர்! அவர்கள் காண்பது மலைவனத்தின் ஓர் ஓரத்தை; அவ்வனம் 1940இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில், ஹோர்ட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் இதுவும் அடங்கும். இரவில் ஏறி, விடியலிற் சூரியோதயங் கண்டு, விரைந்து இறங்கும் பழக்கத்தால் அக்காடு இருளிலேயே கடந்துபோகின்றது. இறங்கும்போதாவது சற்றே நின்று பார்த்தல் வேண்டும்; நெகிழிப் பைகளை அங்கே விட்டுவராதிருத்தலும் வேண்டும்.

காட்டோரத்தில் வாழ்வோருக்கும் காட்டுக்கும் இடையே பிணக்கில்லாமல் இல்லை. அடுப்புக்கு விறகு வேண்டும். காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தைக் கிளறும். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியிற் சிறுத்தை சிக்கி மாண்ட செய்திகள் ஹட்டன் பகுதியிலிருந்து பலமுறை வந்துள்ளன. தேயிலைக்கிடையே எஞ்சிய சிறு காடுகள் வழியாகவே சிறுத்தை நடமாடும். அவை பூங்காவுமல்ல, சரணாலயமுமல்ல; பெயர்ப்பலகை ஏதும் அவற்றுக்கு இல்லை. ஆணையும் சட்டமும் காவாத அவ்விடங்களின் விதி, தோட்டத்து நிருவாகத்தின் கையிலும் லயத்து மக்களின் கையிலுமே தங்கியுள்ளது.

நுவரெலியாவுக்குச் செல்ல விரும்பும் நேயர்கள் காலத்தையும் கருதவேண்டும். தை, மாசி மாதங்களின் காலைப்பொழுது பெரும்பாலும் தெளிவாயிருக்கும். குளிருக்கு உடை அவசியம். காஷ்மீரத்து ஈப்பிடிப்பான் ஐப்பசி அளவில் வந்து, பங்குனி முடியுமுன்னரே வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு வருவோர் அதனைக் காண்பதரிது.