குழந்தைகளுக்கான சிறுநீர்ப்பாதை கான்ட்ராஸ்ட் ஸ்கேன்

சிறுநீர்ப்பையில் சேர்ந்த சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்துக்கே திரும்புகிறதா என்பதைக் கண்டறியும் அல்ட்ராசவுண்டு சோதனை. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். இந்தப் பின்னோட்டத்தோடு தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும்.

'எம்.சி.யூ.' எனப்படும் எக்ஸ்ரே சோதனைதான் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. புதிய முறையில் எக்ஸ்ரேக்கு வேலையில்லை. சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயு அடைத்த நுண்குமிழிகளே கான்ட்ராஸ்ட். ஒரு குமிழியின் சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரான். அமெரிக்காவில் 'லூமசன்', ஐரோப்பாவில் 'சோனோவியூ' என்ற பெயர்களில் விற்கும் இம்மருந்தைக் குழந்தைகளின் சிறுநீர்ப்பையில் செலுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அனுமதித்தது.

முதலில் வழக்கமான ஸ்கேன். பிறகு மெல்லிய டியூபைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, இருக்கும் சிறுநீரை வடித்துவிட்டு, சலைனும் சுமார் 1 மில்லி கான்ட்ராஸ்டும் ஏற்றுவார்கள். எவ்வளவு நிரப்பலாம் என்று அறிய, சிறுநீர்ப்பையின் கொள்ளளவை மதிப்பிடும் எளிய கணக்கு உண்டு: வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் விடை வரும், 4 வயதுக் குழந்தைக்கு 180. கான்ட்ராஸ்டை வேகமாகத் தள்ளினால் குமிழிகள் உடைந்துவிடும். ஒலியின் அழுத்தத்தையும் இதே காரணத்துக்காகக் குறைத்தே வைக்கிறார்கள். கான்ட்ராஸ்டின் அளவு கூடினாலும் சிக்கல்தான்: முன்பக்கத்துக் குமிழிகளே ஒலியைத் தடுத்துப் பின்பக்கத்தை இருட்டாக்கிவிடும்.

நிரம்பும்போதும் குழந்தை சிறுநீர் கழிக்கும்போதும் இரு சிறுநீரகங்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் சிறுநீர்நாளத்திலோ சிறுநீரகத்திலோ வெண்புள்ளிகள் மினுங்கினால் பின்னோட்டம் உறுதி. அதன் கடுமையை 5 படிகளாகப் பிரிக்கிறார்கள். ஆண் குழந்தையின் சிறுநீர்த்தாரையில் பிறவி வால்வு அடைப்பு இருந்தால், கழிக்கும் நேரத்தில் கீழிருந்து ஸ்கேன் செய்து அதையும் காணலாம்.

பின்னோட்டம் ஒருமுறை தோன்றி மறுமுறை மறையும் குணமுடையது. கதிர்வீச்சுக் கவலை இல்லாததால் நிரப்பிக் கழிக்கும் சுற்றை இரண்டு மூன்று முறை நடத்தலாம். இம்முறையின் உண்மையான பலம் இதுவே. அம்மாவும் ஈய அங்கியின்றிப் பக்கத்தில் இருக்கலாம்.

டியூப் போடும் வேதனை மட்டும் மாறவில்லை. குழந்தைகள் அழுவது பெரும்பாலும் அப்போதுதான். தொற்று தீவிரமாக இருக்கும்போது சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். முதுகெலும்பு மிகவும் வளைந்த குழந்தைகளிடம் சிறுநீரகம் சரியாகத் தெரியாமல் போவதுண்டு, அவர்களுக்கு எம்.சி.யூ. இன்னும் தேவைப்படலாம்.