மூன்று நாள் காய்ச்சலும் ஒரு பழிச்சொல்லும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். முதுகுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டான். "வயிற்றுப் பிள்ளையோடு கிரகணம் பார்த்தவள்" என்று அவன் அம்மாவைத்தான் ஊர் பேசியது. அந்தப் பழியைக் கடைசிவரை சுமந்தே அவர் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பழியை உடைத்த கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1941-ல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக்கிடம் பிறவிக் கண்புரையோடு கைக்குழந்தைகள் வந்தபடி இருந்தன. காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்தான் அவருக்குத் துப்பு கிடைத்ததாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர்களுக்கு ரூபெல்லா வந்திருந்தது. 78 குழந்தைகளின் விவரம் திரட்டினார்; 68 தாய்மார்களுக்கு அந்த அம்மை வந்திருந்தது. 1943-ல் அடிலெய்டில் சார்ல்ஸ் ஸ்வான் குழுவினர் காது கேளாமையையும் இதோடு சேர்த்தார்கள்.

தாய்க்கு லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் முதல் மூன்று மாதத்தில் வந்தால் கருவின் உள்காது, கண், இதயம் எல்லாவற்றையும் வைரஸ் தாக்கிவிடும். 1964-65 பரவலில் அமெரிக்காவில் சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பாதிக்கு மேல் காது கேளாதவை. 1969-ல் அங்கே தடுப்பூசி வந்தது.

நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைப் படித்துவிட்டு, பேத்தியின் பள்ளிச் சீட்டில் கையெழுத்துப் போட நானும் இரண்டு நாள் தயங்கினேன். தெருப்பையன் நினைவுக்கு வந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். இப்போது 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் அரசு இலவசமாகவே போடுகிறது.

தினமும் காலையில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஜன்னலோரம் தூங்கி வழியும் பெண்களில் பலர், 2017-ல் 15 வயதைத் தாண்டி அந்த ஊசியைத் தவறவிட்டவர்கள். அம்மா, கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது. போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எம்.எம்.ஆர் என்று கேட்டுப் போட்டால், சில குழந்தைகளின் ஒரு பக்கக் காதைப் பறிக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அதுவே தடுப்பு.

கிரகணத்தின் மேல் இனி யாரும் பழி போட வேண்டாம்.