சர்க்கரையும் ஈறும்: நீரிழிவாளரின் வாய்நலப் பராமரிப்பு வளர்ந்த வரலாறு

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் தாக்குவது போலவே வாயையும் தாக்குகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கிறது; நாக்கில் வெண்பூஞ்சை படர்கிறது; பல் பிடுங்கிய புண் ஆறத் தாமதமாகிறது. இவற்றில் மிகக் கடுமையானது, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் ஈறுநோய். இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் படிப்படியாகவே அறிந்துகொண்டது.

இரு தனித்தடங்கள்

மதுமேகம் எனப்பட்ட நீரிழிவைச் சித்த, ஆயுர்வேத நூல்கள் நெடுங்காலம் முன்பே விவரித்துள்ளன. வேம்பு, ஆலங்குச்சிகளால் பல் துலக்கும் வழக்கமும் தொன்மையானது. நவீன மருத்துவத்தில் நீரிழிவுச் சிகிச்சையும் பல் மருத்துவமும் தனித்தனியே வளர்ந்தன. 1921-இல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட இன்சுலின், மறு ஆண்டே நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. அதன்பின் நோயாளிகள் பல்லாண்டு வாழ்ந்ததால், நாட்பட்ட சிக்கல்கள் தெரியத் தொடங்கின.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார். இதற்கிடையில் 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு உருவாகி, பின்னாளில் அரசு பல் மருத்துவக் கல்லூரியாயிற்று. ஒரே நகரில் ஒரே காலத்தில் இரு துறைகளும் வேரூன்றியபோதும், சர்க்கரைக்கு ஒரு சீட்டு, பல்லுக்கு வேறொரு சீட்டு என்பதே நடைமுறையாக நிலைத்தது.

ஆறாவது சிக்கல்

1965-இல் டென்மார்க்கில் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், நலமான சிலரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் சரியானது. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சிக்குக் காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது. அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகள், நீரிழிவுள்ளோருக்கு ஈறுநோய் மிகுதி என்று காட்டின. கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குருதிக் குழாய், புண் ஆறாமை ஆகிய ஐந்தின் வரிசையில், ஈறுநோயை ஆறாவது சிக்கலாக 1993-இல் லோ சேர்த்தார்.

பாதிப்பு இருவழியானது என்பது அடுத்துத் தெளிவாயிற்று. மிகுந்த சர்க்கரை வெள்ளணுக்களின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. நுண்குருதிக் குழாய்களைத் தடிக்கச் செய்கிறது. மறுபுறம், சீழ்பிடித்த ஈறிலிருந்து குருதியில் கலக்கும் அழற்சிப் பொருட்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளருக்கு, மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததை 2022-இன் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது.

வாழ்க்கைத் தரத்தின் அளவுகோல்

சொத்தைப் பல்லையும் விழுந்த பல்லையும் எண்ணுவதே முன்பு அளவாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஸ்லேடும் ஸ்பென்சரும் 1994-இல், வாய்நலம் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் விதத்தை அளக்க 49 கேள்விகள் கொண்ட வினாநிரலை வெளியிட்டனர். 1997-இல் ஸ்லேட் அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். வலி, உண்பதில் இடர், பேச்சுத் தடுமாற்றம், மனக்கூச்சம், வேலைத் தடை ஆகியவை அதில் பதிவாகின்றன. பல் ஆடும் நீரிழிவாளர் கடலையையும் கீரைத் தண்டையும் விலக்கி, குழைந்த சோற்றுக்கும் டீயில் நனைத்த பன்னுக்கும் மாறினால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. மெல்லும் திறன் உணவுக் கட்டுப்பாட்டின் அடிப்படையும் ஆகிறது.

திருமுருகன்பூண்டி வட்டாரம்

இந்தச் சிக்கலை அன்றாட வாழ்வில் காண, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் உள்ள திருமுருகன்பூண்டியைப் பார்க்கலாம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட். டீ நேரங்களில் பவர் டேபிள் எனும் தையல் மேசையை விட்டு எழும் டெய்லருக்குச் சர்க்கரை போட்ட டீயும் பன்னும் கிடைக்கின்றன. ஒவ்வொரு இனிப்பு மிடறுக்கும் பின் பல்லின்மேல் அமிலம் ஏறக்குறைய அரைமணி நேரம் நிற்கிறது. அதைக் கழுவ வேண்டிய உமிழ்நீர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நீரிழிவாளருக்குக் குறைவு. பீஸ் ரேட்டில் தைப்பவர் பல் மருத்துவரிடம் செல்லும் அரைநாள், கூலி இழந்த அரைநாள். அதனால் ஈறில் ரத்தம் கசியும் கட்டம் கடந்து, பல் ஆடிய பிறகே சிகிச்சை தேடும் நிலை எளிதில் உருவாகிறது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு எனக் கணித்தது. 2014-இல் தேசிய வாய்நலத் திட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 30 வயதைக் கடந்தோருக்கான தொற்றா நோய்ப் பரிசோதனையில், புற்றுநோய்க்காக வாயைத் திறந்து பார்ப்பது ஏற்கெனவே உண்டு. அதே நேரத்தில் ஈறில் ரத்தம், சீழ், ஆடும் பல் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு பல் மருத்துவருக்கு அனுப்புவது, புதிய கருவி எதுவும் வேண்டாத அடுத்த படியாகும்.

பராமரிப்பின் உள்ளடக்கம் எளியது: ஃப்ளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்குதல், பல்லிடுக்கைச் சுத்தம் செய்தல், டீக்குப் பின் வாய் கொப்பளித்தல், புகையிலையை விடுதல், பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவுதல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பற்காரையை நீக்குதல், பல் எடுக்குமுன் நீரிழிவு இருப்பதைச் சொல்லுதல்.