ஃபெரெட் வளர்ப்புச் சட்டங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

ஃபெரெட் என்பது நீர்நாய்கள் அடங்கிய முசுட்டெலிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய ஊனுண்ணிப் பாலூட்டி ஆகும். போல்கேட் எனப்படும் ஐரோப்பியக் காட்டு விலங்கின் வழிவந்த இது, முயல் வேட்டைக்காகவும் எலி ஒழிப்புக்காகவும் நெடுங்காலமாக மனிதரால் வளர்க்கப்பட்டு வருகிறது. தோற்றத்தில் கீரிப்பிள்ளையை நினைவூட்டினாலும் கீரி வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாக வளர்க்கப்படும் செல்ல விலங்கு. எனினும் இதை வளர்ப்பது குறித்து நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இல்லை. மாநிலம், மாவட்டம், நகரம் ஆகிய ஒவ்வொன்றும் தனி விதிகளை வைத்திருக்கலாம். மாநிலம் அனுமதித்ததை நகரம் தடை செய்யவும் கூடும்.

தடை உள்ள இடங்கள்

கலிபோர்னியா, அவாய் ஆகிய இரு மாநிலங்களிலும் ஃபெரெட்டைச் செல்ல விலங்காக வளர்ப்பது சட்டத்திற்குப் புறம்பானது. கலிபோர்னியாவின் தடைக்கு 1933 ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையாக அமைந்தது. ஆய்வு போன்ற சில நோக்கங்களுக்கு மட்டுமே அங்கு அனுமதிச்சீட்டு வழங்கப்படுகிறது. ஆயினும் ஃபெரெட்டுக்கான உணவும் கூண்டும் அம்மாநிலக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. சட்டம் தடுப்பது விலங்கை மட்டுமே. ஏற்கனவே ஃபெரெட் வைத்திருப்போருக்கு விலக்கு அளிக்கும் சட்டமுன்வரைவு ஒன்றை 2004 இல் ஆளுநர் ஆர்னோல்டு சுவார்செனேகர் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி நிராகரித்தார். 1990 இல் வெளிவந்த கிண்டர்கார்டன் காப் திரைப்படத்தில் அவர் ஒரு ஃபெரெட்டுடன் நடித்திருந்தார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அவாய் வெறிநாய்க்கடி நோய் இல்லாத மாநிலம். தீவுகளுக்கே உரிய பறவைகளும் அங்கு மிகுதி. சட்டவிரோத விலங்குகளை வைத்திருப்போருக்கு 2,00,000 டாலர் வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். தாமாக முன்வந்து ஒப்படைப்போருக்குத் தண்டனை இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் ஃபெரெட் வளர்க்கலாம். நியூயார்க் நகரில் வளர்க்கக் கூடாது. நகரின் நலவாழ்வு விதித்தொகுப்பில் 1999 இல் இவ்விலங்கின் பெயர் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. தடையை நீக்கும் முன்மொழிவு 2015 மார்ச்சில் நலவாழ்வு வாரியத்தில் போதிய வாக்குகளைப் பெறவில்லை. மாசச்சூசெட்சு 1996 இல் தடையை நீக்கியது. நியூ செர்சியில் அனுமதிச்சீட்டுப் பெற்று வளர்க்கலாம்.

தடைக்கான காரணம்

தப்பிச் செல்லும் ஃபெரெட்டுகள் காட்டில் பெருகிப் பறவைகளை அழிக்கும் என்பது முதன்மையான அச்சம். இதற்கு எடுத்துக்காட்டாக நியூசிலாந்து காட்டப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் முயல்களை ஒழிக்க அங்கு விடப்பட்ட ஃபெரெட்டுகள் கிவி உள்ளிட்ட தரைவாழ் பறவைகளை வேட்டையாடின. 2002 முதல் அந்நாட்டில் அவற்றை விற்பதும் இனப்பெருக்குவதும் தடை செய்யப்பட்டுள்ளன. ஆனால் அங்கு அவை திட்டமிட்டுப் பெருமளவில் விடப்பட்டவை. கருத்தடை செய்யப்பட்ட வீட்டு விலங்கு ஒன்று தப்புவதோடு அதை அப்படியே ஒப்பிட இயலாது. கலிபோர்னிய விவாதம் இன்றுவரை இப்புள்ளியைச் சுற்றியே நடைபெறுகிறது.

கடித்தால் நிகழ்வது

ஃபெரெட் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான விதி இதுவே. ஒரு விலங்குக்கு வெறிநாய்க்கடி நோய் உள்ளதா என உறுதிசெய்ய அதன் மூளையைச் சோதிக்க வேண்டும். அதாவது விலங்கைக் கொல்ல வேண்டும். நோய்க்கிருமி ஃபெரெட்டின் உமிழ்நீரில் எத்தனை நாட்களில் வெளிப்படும் என்பது அறியப்படாத காலத்தில், மனிதரைக் கடித்த ஃபெரெட்டுகள் இவ்வாறே கொல்லப்பட்டன. ஆய்வுகளின் பின்னர், 1998 முதல் தேசிய வழிகாட்டு நெறிகள் ஃபெரெட்டை நாய், பூனை ஆகியவற்றுடன் ஒரே நிலையில் வைத்தன. இதன்படி, கடித்த விலங்கு நலமாக இருந்தால் 10 நாட்கள் அடைத்துவைத்துக் கண்காணித்தால் போதும். ஆனால் இந்நெறிகள் பரிந்துரைகள் மட்டுமே. இறுதி முடிவு உள்ளூர் நலவாழ்வு அதிகாரியுடையது.

நோயுற்ற விலங்கொன்று ஃபெரெட்டைக் கடித்தால் சான்றிதழின் மதிப்பு புலப்படும். 2016 ஆம் ஆண்டு நெறிகளின்படி, உரிய காலத்தில் தடுப்பூசி போடப்பட்ட ஃபெரெட்டுக்கு மறு ஊசியும் 45 நாள் கண்காணிப்பும் போதும். ஒருபோதும் ஊசி போடப்படாததெனில் கருணைக்கொலை, அல்லது ஆறு மாதத் தனிமைப்படுத்தல்.

உரிமையாளரின் பொறுப்புகள்

ஃபெரெட்டுக்கான வெறிநாய்க்கடித் தடுப்பூசி 1990 இல் ஒப்புதல் பெற்றது. மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் போடப்படுகின்றன. பல மாநிலங்களில் இது கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சான்றிதழைப் பாதுகாத்து வைத்தல் நன்று.

கருத்தடை என்பது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு மட்டுமன்று. இணைசேராத பெண் ஃபெரெட்டின் சினைப்பருவம் தானாக முடிவதில்லை. உடலில் ஈசுட்ரோசன் மிகுந்து எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு விலங்கு இறக்கக்கூடும். நாய்களைத் தாக்கும் டிசுடெம்பர் நோயும் ஃபெரெட்டுக்கு ஏறக்குறைய எப்போதும் உயிர்க்கொல்லியே. ஆதலால் அதற்கும் ஊசி போடுதல் வேண்டும்.

வாடகை வீட்டில் வசிப்போர் ஒப்பந்தத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்தில் முறையாக வாங்கிய ஃபெரெட்டுடன் கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்வோருக்கு அந்த உரிமை எல்லையுடன் முடிகிறது. நெடுஞ்சாலைகளில் உள்ள வேளாண் சோதனைச் சாவடிகளில், வண்டியில் விலங்குகள் உள்ளனவா என்ற கேள்வியும் எழலாம்.