ஹாரி டீன் ஸ்டான்டன்

ஹாரி டீன் ஸ்டான்டன் (14 சூலை 1926 – 15 செப்டம்பர் 2017), திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த அமெரிக்கக் குணச்சித்திர நடிகரும் பாடகருமாவார். கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வைனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, ஒகினாவா போரின்போது கப்பலில் சமையற்காரராக இருந்தார். போருக்குப்பின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலும், கலிஃபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுசிலும் பயின்றார்.

1950களிலும் 60களிலும் ‘கன்ஸ்மோக்’, ‘ராஹைட்’ முதலிய தொலைக்காட்சித் தொடர்களில் சிறு வேடங்கள் ஏற்றார். ‘கூல் ஹேண்ட் லூக்’ (1967), ‘காட்ஃபாதர் 2’ (1974), ‘ஏலியன்’ (1979) ஆகியவற்றில் துணைப் பாத்திரங்கள். ஒட்டிய கன்னமும் சோர்ந்த கண்களும் குறைந்த பேச்சும் இவரது அடையாளங்கள்.

விம் வெண்டர்ஸ் இயக்கிய ‘பாரிஸ், டெக்சஸ்’ (1984) ஐம்பது வயது கடந்தபின் அமைந்த முதன்மை வேடம். இவர் ஏற்ற, பாலைவனத்திலிருந்து நடந்துவரும் டிராவிஸ் என்ற பாத்திரம், படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் வாய் திறப்பதில்லை. பிற்பகுதியிலோ ஒருவழிக் கண்ணாடிக்கு இப்புறமிருந்து, தன்னைக் காண இயலாத மனைவியிடம் தொலைபேசியில் தம் கதையைச் சொல்கிறான். இவரது நடிப்பின் உச்சம் இக்காட்சியே எனலாம். இப்படம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது.

இயக்குநர் டேவிட் லிஞ்ச் இவரைப் பலமுறை பயன்படுத்தினார். ‘பிக் லவ்’ தொடரில் (2006–2011) பலதார மணக் குழுவொன்றின் தலைவராக நடித்தார். இறுதி முதன்மை வேடமான ‘லக்கி’ (2017), இவர் இறந்த மாதத்திலேயே அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது.