அளவும் கருவியும்: அமெரிக்க ஊரகத்தில் விறகு பிளக்கும், கட்டும் வீட்டுப் பட்டறைக் கருவிகள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஊரகக் குடும்பங்கள் விறகைப் பிளக்கவும் கட்டாகக் கட்டவும் தாமே செய்துகொண்ட கருவிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆப்பிலிருந்து எண்ணெய் அழுத்தப் பொறிக்கும், அங்கிருந்து கட்டும் வளையத்திற்கும் நகர்ந்த இவ்வரலாற்றை ஆற்றல் பெருக்கத்தின் வரலாறாகக் காண்பது எளிது. எனினும், விறகு எந்த அளவில் சேமிக்கப்பட்டது, எந்த அளவில் விற்கப்பட்டது என்பதே எந்தக் கருவி தேவைப்பட்டது என்பதை முதன்மையாகத் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: விறகு, ஆப்பு, எண்ணெய் அழுத்தப் பொறி, கார்டு அளவு, விறகுக் கட்டு, பயனர், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. காப்புரிமை ஆவணங்கள், ஆலைப் பதிவேடுகள், பொறியாளர் வாழ்க்கை வரலாறுகள் முதலியனவே அதன் முதன்மைச் சான்றுகளாக அமைந்தன. ஒரு பொறியை வாங்கி, அதை அறுத்துப் பற்றவைத்து வேறொன்றாக மாற்றிக்கொண்ட பயனர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிதாக இருந்தது. இந்நிலையை மாற்ற முயன்ற ஆய்வுகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கன. ரொனால்டு கிளைன், டிரெவர் பின்ச் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க உழவர்கள் மோட்டார் வண்டியைப் பண்ணைப் பொறியாக மாற்றிக்கொண்டதை ஆராய்ந்து, பயனரைத் தொழில்நுட்ப மாற்றத்தின் முகவராக நிறுவியது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ என்னும் நூல், கண்டுபிடிப்பின் காலவரிசையை விடப் பயன்பாட்டின் காலவரிசையே வரலாற்றுக்கு முதன்மையானது என வாதிட்டது.

விறகுக் கருவிகள் இவ்விரு நோக்குகளையும் சோதித்துப் பார்க்க ஏற்ற களமாகும். அமெரிக்காவில் 1885ஆம் ஆண்டளவில் நிலக்கரி விறகை முந்தி முதன்மை எரிபொருளாயிற்று. ஆனால் விறகு பிளக்கும் கருவிகளில் நிகழ்ந்த பெரும் மாற்றங்கள் அதற்குப் பின்னரே வந்தன. ‘பழைய’ எரிபொருள் ஒன்றுக்காகப் புதிய கருவிகள் ஏன் வீட்டுப் பட்டறைகளில் தோன்றின என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆப்பும் நாரோட்டமும்

விறகு பிளத்தல் என்பது மரத்தை வெட்டுதல் அன்று; அதன் நாரோட்டத்தின் வழியே பிரித்தல். கூரிய கோடரி நார்களைக் குறுக்கே அறுக்கும். ஆப்போ நார்களுக்கிடையே நுழைந்து, பக்கவாட்டில் விசை செலுத்தி அவற்றை விலக்கும். பிளவு தொடங்கியபின் அது கருவியின் முனைக்கு முன்னே தானே ஓடும். நேரான நாரோட்டமுடைய மரம் ஓரிரு அடிகளில் பிளப்பதும், கணுக்கள் நிறைந்த மரம் பல அடிகளுக்கும் இடங்கொடாததும் இதனாலேயே.

ஐரோப்பியக் குடியேறிகள் இரும்பு ஆப்பு, கடின மரத்தில் செதுக்கிய மர ஆப்பு, கொட்டாப்புளி ஆகியவற்றைக் கொண்டே வேலிக் கம்புகளையும் விறகையும் பிளந்தனர். இவற்றுள் மர ஆப்பும் கொட்டாப்புளியும் பண்ணையிலேயே செய்யப்பட்டவை. 1860 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டூரில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், ஆபிரகாம் லிங்கன் இளமையில் பிளந்தவை எனக் கூறி இரண்டு வேலிக் கம்புகள் மேடைக்குக் கொண்டுவரப்பட்டன. ‘கம்பு பிளப்பவர்’ என்னும் பட்டம் அவருக்கு அவ்வாறே அமைந்தது. ஆப்பையும் சம்மட்டியையும் கையாண்ட கை உழைப்பின் அடையாளமாகப் போற்றப்பட்டதற்கு இந்நிகழ்வு சான்று.

இவ்வுழைப்பின் அளவுகோல் ‘கார்டு’ எனப்பட்டது. நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளம் கொண்ட அடுக்கு ஒரு கார்டு. அதாவது 128 கன அடி. இது எடையைக் குறிக்கும் அளவன்று. அடுக்கின் கன அளவைக் குறிக்கும் அளவு. ஒருவர் எடுத்துச்செல்லும் சுமையையோ ஒரு நாள் தேவையையோ அது கணக்கில் கொள்வதில்லை. குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய விறகைக் கொட்டகையில் அடுக்கிவைக்கும் குடும்பத்திற்கே இவ்வளவு பொருந்தும். அடுக்கப்படும் விறகுக்குக் கயிறு தேவையில்லை. ஆகவே கார்டு வழக்கில் இருந்த வீடுகளில் பிளத்தலே பெருவேலையாகவும், கட்டுதல் பொருட்டற்ற வேலையாகவும் இருந்தன.

சுழல்விசையின் எல்லை

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ மாதிரி மோட்டார் வண்டி ஊரகத்தில் பரவியபோது, உழவர்கள் அதன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தி, சக்கரத்தோடு வார்ப்பட்டையை இணைத்து, நீர் இறைக்கவும் தானியம் அரைக்கவும் துணி துவைக்கவும் மரம் அறுக்கவும் பயன்படுத்தினர். கிளைன், பின்ச் ஆகியோரின் ஆய்வு எடுத்துக்காட்டும் இவ்வழக்கம், வடிவமைத்தவர் கருதாத பயனைப் பயனர் ஒரு பொறிக்குள் கண்டெடுத்ததைக் காட்டுகிறது.

விறகைப் பொறுத்தவரை இம்மாற்றம் ஒருபக்கமாகவே நிகழ்ந்தது. மரத்தைத் துண்டுகளாக அறுக்கும் வேலை வட்ட ரம்பத்திற்கு மாறியது. துண்டுகளைப் பிளக்கும் வேலையோ கையிலேயே தங்கியது. இதன் காரணம் விசையின் இயல்பில் உள்ளது. சக்கரமும் வார்ப்பட்டையும் தருவது விரைவான சுழற்சி. அது அறுத்தலுக்கு ஏற்றது. பிளத்தலுக்கு வேண்டியதோ நேர்க்கோட்டில், மெதுவாக, பெருமளவில் செல்லும் விசை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஒருவரே தூக்கிக் கையாளத்தக்க சங்கிலி ரம்பம் பரவியபோது இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைந்தது. அறுத்தல் விரைந்ததால், பிளப்பதற்காகக் காத்திருக்கும் துண்டுகளின் குவியல் உயர்ந்தது.

நேர்க்கோட்டு விசையைத் தரும் கோட்பாடு முன்னரே அறியப்பட்டிருந்தது. அடைபட்ட நீர்மத்தின் மீதான அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கலின் கருத்தைக் கொண்டு, ஜோசப் பிராமா 1795இல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது ஆலைகளின் பொறியாகவே இருந்தது. ஹாரி பெர்குசனின் மும்முனை இணைப்போடு 1939இல் வெளிவந்த ஃபோர்டு ‘9என்’ டிராக்டரும், அதன்பின் வந்த பலவகை ஏற்றுப்பொறிகளுமே எண்ணெய் அழுத்தத்தைப் பண்ணை முற்றத்திற்குக் கொண்டுவந்தன. பழுதடைந்த பொறிகளிலிருந்து கழற்றத்தக்க சிலிண்டர், பம்பு, வால்வு ஆகியவை அதன் பின்னரே ஊரகப் பட்டறையின் பொருள்களாயின.

1973க்குப் பின்

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதைத் தடைசெய்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரானியப் புரட்சியை ஒட்டி இரண்டாம் நெருக்கடி எழுந்தது. வீட்டை வெதுப்ப எண்ணெயை நம்பியிருந்த குடும்பங்கள் மீண்டும் விறகடுப்பை நாடின. கைவிடப்பட்ட கார்டு அளவு வீட்டு முற்றத்திற்குத் திரும்பியது. ஆனால் பல கார்டு விறகைக் கோடரியால் பிளந்து பழகிய தோள்கள் எல்லா வீடுகளிலும் எஞ்சியிருக்கவில்லை.

வீட்டுப் பட்டறையின் பிளப்புப் பொறி இந்த இடைவெளியில் பரவியது. அதன் அமைப்பு எளியது. ‘ஐ’ வடிவ இரும்பு உத்தரம் ஒன்று முதுகெலும்பு. அதன் ஒரு முனையில் சிலிண்டர். மறுமுனையில் எஃகு ஆப்பு. சிறு பெட்ரோல் எஞ்சினோ டிராக்டரோ பம்பை இயக்கும். பழைய மோட்டார் வண்டியின் அச்சும் சக்கரங்களும் பொறியை இழுத்துச் செல்ல உதவும். நான்கு அங்குல விட்டமுடைய சிலிண்டரில், சதுர அங்குலத்திற்கு 2500 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெய் பாயும்போது ஏறத்தாழ 31,400 பவுண்டு, அதாவது 14 மெட்ரிக் டன்னுக்கு நிகரான விசை கிடைக்கும்.

இப்பொறியில் புதிய கோட்பாடு எதுவுமில்லை. ஆப்பு பழையது, அழுத்தப் பொறி பழையது. தகவமைப்பு நிகழ்ந்த இடம் வேறு. பெருவிசை வேண்டின் சிலிண்டர் அகலமாக இருக்க வேண்டும்; அகன்ற சிலிண்டரை நிரப்ப மிகுந்த எண்ணெய் வேண்டும்; அதனால் ஆப்பின் ஓட்டம் மந்தமாகும். ஈரடுக்குப் பம்பு இச்சிக்கலைத் தீர்த்தது. மரத்தைத் தொடும்வரை அது குறைந்த அழுத்தத்தில் மிகுந்த எண்ணெயைச் செலுத்தும். எதிர்ப்பு எழுந்தவுடன் உயர்ந்த அழுத்தத்திற்கு மாறும். ஒரு கடினத் துண்டைப் பிளப்பது எவ்வாறு என்பதை விட, ஒரு கார்டு விறகை ஒரு பிற்பகலில் முடிப்பது எவ்வாறு என்பதே இங்கு வினா. பொறியின் வடிவத்தைக் கார்டு அளவு நெருக்கியதை இது காட்டுகிறது.

பிளத்தலின் பயன் அடுப்பில் நுழையும் அளவாக்குவதோடு முடிவதில்லை. பிளந்த மரத்தின் வெளிப்பரப்பு மிகுவதால் அது விரைவில் உலரும். ஈர விறகு மிகுந்த புகையை எழுப்பும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் விறகடுப்புகளின் புகைக்கு வரம்பு விதித்தது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த விறகையே எரிக்குமாறு அம்முகமை அறிவுறுத்துகிறது. ஆகவே பிளப்புப் பொறி, விறகை உலர்த்தும் முறையின் முதற்கட்டமாகவும் அமைந்தது.

கார்டிலிருந்து கட்டுக்கு

பெட்ரோல் நிலையங்களிலும் பூங்காக்களை அடுத்த கடைகளிலும் ஒரு மாலை நேரத் தீக்கு வேண்டிய சிறு கட்டுகளாக விறகு விற்கப்பட்டபோது அளவு மாறியது. இக்கட்டுகளுள் பரவலானது 0.75 கன அடி கொண்டது. ஒரு கார்டின் 128 கன அடியை இவ்வாறு பிரித்தால் ஏறத்தாழ 170 கட்டுகள் கிடைக்கும். முன்பு பொருட்டற்றிருந்த கட்டும் வேலை 170 முறை செய்யவேண்டிய வேலையாக உயர்ந்தது.

இதற்கெனப் பட்டறைகளில் தோன்றிய கருவி, வளையச் சட்டமாகும். இரும்புப் பட்டையை வளைத்தோ, அடி நீக்கிய நெகிழிக் கலத்தைக் கொண்டோ வளையம் அமைப்பர். அதனுள் துண்டுகளை அடுக்கி, இழுபடும் நெகிழிப் படலத்தைச் சுற்றிக் கட்டுவர். வளையத்தைத் தாங்கியில் பொருத்திக் கைப்பிடியால் சுழற்றும் அமைப்புகளும் உண்டு. இவ்வளையத்தின் சிறப்பு அதன் எளிமையில் இல்லை. அது ஒரே நேரத்தில் கருவியாகவும் அளவையாகவும் இருப்பதில் உள்ளது. துண்டுகளின் நீளம் 16 அங்குலமாயின், ஏறத்தாழ 10 அங்குல விட்டமுள்ள வளையம் நிறைந்தால் 0.75 கன அடி நிறைந்ததாகும். விறகின் அளவைத் தெளிவற்ற பெயர்களால் குறிக்காமல் கார்டிலோ கன அடியிலோ குறிக்க வேண்டும் எனப் பல மாநிலங்களின் எடையளவு விதிகள் கோருவதால், வளையத்தின் விட்டம் சட்டத்தோடும் தொடர்புடையதாயிற்று.

கட்டின் அளவு பிளப்புப் பொறியையும் திருத்தியது. அடுப்புக்குப் பெருந்துண்டு ஏற்கும். வளையத்திற்குச் சிறிய, ஒத்த அளவினவான துண்டுகள் வேண்டும். ஒரே ஓட்டத்தில் நான்காகப் பிளக்கும் சிலுவை வடிவ ஆப்பு இங்குப் பெரும்பயன் தந்தது; அதற்கேற்பக் கூடுதல் விசையும் தேவைப்பட்டது.

விறகு இடம்பெயர்வது மற்றொரு சிக்கலையும் கொணர்ந்தது. ஆசியாவிலிருந்து வந்த மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் என்னும் வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. விறகின் வழியே அது பரவியதால், விறகை வெளியிடங்களுக்குக் கொண்டுசெல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. உட்பகுதி 60 பாகை செல்சியசில் 60 நிமிடங்கள் இருக்குமாறு சூடேற்றுதல் ஏற்கப்பட்ட பாதுகாப்பு முறைகளுள் ஒன்றாயிற்று. வளையத்தை வீட்டில் செய்துவிடலாம். சான்றளிக்கப்படும் சூளையைச் செய்வது எளிதன்று. வீட்டுப் பட்டறையின் எல்லை இங்குப் புலப்படுகிறது.

கையின் இடர்

பயனரின் படைப்பாற்றலைப் போற்றும் ஆய்வுகள் அதன் விலையையும் கணக்கிட வேண்டும். உயர்த்தி நிறுத்திய மோட்டார் வண்டியின் பின்சக்கர அச்சில் திருகு வடிவக் கூம்பைப் பொருத்தி, மரத்தை அதன்மீது செலுத்திப் பிளக்கும் முறை 1970களில் வழங்கியது. மரம் கூம்போடு சேர்ந்து சுழலத் தொடங்கினால் அருகில் நிற்பவரை அது தாக்கும். எஞ்சினை நிறுத்தும் விசை கைக்கு எட்டாதிருப்பின் தப்புவது அரிது. எண்ணெய் அழுத்தப் பொறியில் ஒருவர் மரத்தைப் பிடிக்க மற்றொருவர் நெம்புகோலை இயக்குவதே பேரிடர். முன்னவரின் விரல் எங்குள்ளது என்பதைப் பின்னவர் அறியார். கை நீங்கியவுடன் ஆப்பை நிறுத்தும் வால்வு பாதுகாப்பின் அடிப்படை. கிடைத்த பழைய வால்வைப் பொருத்திய பொறிகளில் அது இருக்குமென்ற உறுதியில்லை. 14 டன் விசையைப் பண்ணை முற்றத்திற்குக் கொண்டுவந்த அதே சிக்கனம், அவ்விசைக்கும் உடலுக்கும் இடையே இருந்த காப்பையும் சில வேளைகளில் நீக்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விறகு பிளக்கும் பொறியின் பரவலை, கோட்பாடு கண்டறியப்பட்ட காலம் விளக்கவில்லை. பழைய உதிரிப் பொருள்கள் ஊரகத்தில் கிடைத்த காலமும் எரிபொருள் நெருக்கடியின் காலமும் விளக்குகின்றன. இரண்டாவது, கார்டு அளவு விரைந்து பிளக்கும் பொறியையும், சிறு கட்டு வளையச் சட்டத்தையும் வேண்டின. அளவு மாறியபோது கருவியும் மாறியது. மூன்றாவது, பயனர் ஏற்ற இடரைச் சேர்க்காமல் பயனரின் ஆக்கத்தை மதிப்பிடுவது முழுமையாகாது.

இக்கருவிகளுட் பல காப்புரிமை பெறாதவை, பெயர் பொறிக்கப்படாதவை, செய்தவர் மறைந்தபின் பழைய இரும்பாகவே விற்கப்படுபவை. ஆவணக்காப்பகம் இவற்றைப் பேணுவது அரிது. ஆயினும் உத்தரத்தின் நீளம், சிலிண்டரின் விட்டம், வளையத்தின் அகலம் ஆகியவை அளந்து பதிவுசெய்யத்தக்கவை. அவ்வளவுகளில் ஒரு குடும்பம் எவ்வளவு விறகை, யாருக்காக, எத்தனை பேரின் உழைப்பில் பிளந்தது என்னும் செய்தி பொதிந்துள்ளது. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் கருவியின் அளவே சான்றாகிறது. அதைப் பழைய இரும்பாகுமுன் பதிவுசெய்வது தொழில்நுட்ப வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.